மேண்டில் சாம்பல்

வில்லியனூரில் கல்யாண ஊர்வலமோ, திருக்காமீஸ்வரர் கோயில் சாமி புறப்பாடோ, காஸ் லைட்டுக்கு எங்கப்பாவிடம்தான் சொல்லி அனுப்புவார்கள். எட்டு பெட்ரோமாக்ஸ் வைத்து வாடகைக்கு விட்டார். பொழுது சாய்ந்ததும் திண்ணையில் வரிசையாக நிறுத்தி, பட்டுப் பை மாதிரி இருக்கும் மேண்டிலைக் கட்டிக் கொளுத்துவார். துணி எரிந்து வெள்ளைச் சாம்பல் வலை மட்டும் தொங்கும். அப்புறம் பம்பு அடித்தால் தெருவே பகலாகும். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் மேண்டிலை உடைத்தபோது தியேட்டரே சிரித்தது, அப்பா சிரிக்கவில்லை. மேண்டில் விலை அவருக்கல்லவா தெரியும்!

அந்தச் சாம்பல் தோரியம் என்பதும், அது கதிர்வீசும் என்பதும் எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது. ஆஸ்திரியாவின் வெல்ஸ்பாக் 1891இல் கண்ட கலவை அது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் வேண்டுமானால் மோனசைட் மணல் வேண்டும். அன்று அது பிரேசிலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அது இங்கும் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதன் ஊரைத் தேடிக்கொண்டு 1909இல் மணவாளக்குறிச்சி வந்து, பிறகு அங்கே ஆலையும் போட்டார். முதல் உலகப் போர் மூண்டதும் வெள்ளைக்காரர்கள் அவரைக் கைது செய்தார்கள். ஆலை லண்டன் கம்பெனிக்குப் போய், பின்னாளில் இந்திய அரசின் அரிய மணல் ஆலையானது.

என் தங்கையை அந்தப் பக்கம்தான் கொடுத்திருக்கிறோம். மண்டைக்காடு பகவதியைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனால், அலை ஒதுக்கிய மணலில் கறுப்பும் சிவப்பும் வரிவரியாய்க் கிடந்தன. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். மோனசைட் மஞ்சள் கலந்த பழுப்பு, கண்ணுக்கு எளிதில் அகப்படாது. பேத்தி ஒரு கை அள்ளினாள். “கையைத் தட்டுடி, கேன்சர் மண்ணு!” என்றாள் தங்கை.

இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் மக்களை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். கடலோரத்தில் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை கதிர்வீச்சு உண்டு. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்ததில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது; கதிர்வீச்சு கூடக் கூட நோயும் கூடியதாகத் தெரியவில்லை. 2009இல் வெளியான முடிவு இது. அதற்கு முன், 1976இல், டவுன் குறைபாடு அங்கே அதிகம் என்று ஒரு கட்டுரை வந்து பெரிய சர்ச்சை எழுந்தது. 1995 முதல் பிறந்த குழந்தைகளை, லட்சத்துக்கும் மேல், சோதித்தவர்கள் அப்படி வேறுபாடு காணவில்லை. ஆனாலும் கேரளத்துக் கணக்கை அப்படியே மணவாளக்குறிச்சிக்குப் பொருத்த எனக்குத் துணிவில்லை.

தங்கை மணலுக்குப் பயப்படுகிறாள். எனக்குச் சாம்பல்மேல்தான் சந்தேகம். தோரியத்தின் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது, மூச்சோடு உள்ளே போனால் கதை வேறு. உடைந்த மேண்டில் தூளை அப்பா வாயால் ஊதித்தான் பர்னரைத் துடைப்பார். நாங்கள் பிள்ளைகள் முகத்தை நீட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அவர் 81 வயது வரை இருந்தார். ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பரணில் ஒரு லைட் மிச்சம். ஏற்றிக்காட்டச் சொல்கிறாள் பேத்தி. தோரியம் சேராத இட்ரியம் மேண்டில் கிடைத்தால் கட்டலாம் என்றிருக்கிறேன்.