பால்மரம் நாற்காலியான கதை

சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால்மரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி, பட்டை சீவிப் பால் எடுத்த கைகள் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். அந்த மரம் பால் வற்றிய பிறகு என்ன ஆயிற்று என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "விறகாயிற்று" என்பார்கள். நெடுங்காலம் அதுவே சரியான விடை. அந்த விடை எப்படி மாறியது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். காப்பி விலை வீழ்ந்தபோது, காப்பி பயிரிட்டிருந்த தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினார்கள். சிரம்பான் பகுதியும் அவ்வாறே பால்மரக் காடாயிற்று. அன்று எல்லாருடைய கண்ணும் பட்டையின் மேல்தான் இருந்தது. பட்டைக்கு உள்ளே இருந்த மரத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

பால்மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை நல்ல பலன் தரும். பிறகு மறுநடவுக்காக வெட்டிச் சாய்ப்பார்கள். சாய்ந்த மரம் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும், செங்கல் சூளைக்கும், லயத்து அடுப்புக்கும் போயிற்று. மீதியை அங்கேயே குவித்துக் கொளுத்தினார்கள். பிறை நகரில் 1967-இல் உற்பத்தி தொடங்கிய மலாயாவத்தா இரும்பாலை, இரும்பு உருக்கப் பால்மரக் கரியைப் பயன்படுத்தியது. எரிப்பதற்கே இந்த மரம் என்ற எண்ணம் அவ்வளவு ஊன்றியிருந்தது.

பலகை அறுத்தால் என்ன? அறுத்துப் பார்த்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. ஈரப் பலகையில் பூஞ்சணம் பிடித்துச் சில நாட்களிலேயே நீலம் பாரித்துவிடும். பிறகு துளைக்கும் வண்டின் புழு உள்ளே புகுந்து அந்த மாவுச்சத்தைத் தின்னும். ஊசித் துளை வழியாக மெல்லிய தூள் கொட்டும். செய்த மேசை சில காலத்தில் உளுத்துப் போகும்.

கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் இந்தக் குறையை ஆராய்ந்து வழி கண்டார்கள். மரத்தை வெட்டியவுடன் காலம் தாழ்த்தாமல் அறுக்க வேண்டும். பலகைகளை உருளைத் தொட்டியில் இட்டு, காற்றை வாங்கி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்த வேண்டும். பிறகு சூட்டறையில் உலர்த்த வேண்டும். இந்த முறை 1970-களின் பிற்பகுதியில் தொழிற்சாலைகளுக்கு வந்தது. 1980-களில் பால்மர நாற்காலிகள் கப்பலேறின. ஜொகூரின் மூவார் நகரம் தளவாடத் தொழிலால் பெயர் பெற்றது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி பால்மரத்தாலானது. காட்டு மரத்துக்கு அது ஓரளவு மாற்றாகவும் அமைந்தது.

கடைசல் வேலைக்கும் இது ஏற்ற மரம். வெளிர் நிறம், நடுத்தரக் கனம். உளி பிடித்தால் சீராக வழியும். அடிமரம் குட்டையானதால் நீண்ட பலகை கிடைப்பது அரிது. ஆனால் நாற்காலிக் கால், கைப்பிடி, கிண்ணம் ஆகியவற்றுக்குக் குட்டைக் கட்டையே போதும். மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதைக் கவனியுங்கள். அக்காலத்தில் கடைசல் கட்டையையும் மத்தைப் போலவே கயிற்றால் இழுத்துச் சுழற்றினார்கள். நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகள் கடைசலில் பிறந்தவையே. ஆகவே இந்தக் கலை நமக்கு அந்நியமன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரத்துக்கு விலை வந்த அதே காலத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. மரம் விற்ற பணம் நிலத்தின் சொந்தக்காரரைச் சேர்ந்தது. தலைமுறையாகப் பால் வெட்டியவருக்கு அதில் பங்கில்லை. ஆனால் கைத்தொழிலுக்கு நிலம் வேண்டியதில்லை. அதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டில் உடைந்த நாற்காலி இருந்தால் குப்பையில் எறியாதீர்கள். புதுத் தூள் கொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். கொட்டாவிட்டால் ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தூசி மூக்கில் ஏறாதபடி மூடி, கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். செய்த பொருளை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். மழையும் கறையானும் இந்த மரத்துக்கு ஆகா. மருந்தேற்றிய கட்டையையும் வர்ணம் பூசிய கட்டையையும் சமையல் அடுப்பில் வைக்கவே கூடாது.

பாட்டி பால் எடுத்த மரத்தின் இனத்தில் பேரன் ஒரு முக்காலி செய்து, அதில் பாட்டியை உட்கார வைக்கட்டும். அந்த முக்காலியைக் காட்டி நம் தோட்டத்துக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.