வாரும் சக்கர நாற்காலியும்

பட்டர்வொர்த்தை அடுத்த பாகான் டாலாமிலிருந்து தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குச் செல்வோர்க்கு 1985 வரை கடலே வழியாயிருந்தது. அவ்வாண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் வண்டிப் பயணம் பெருகிற்று. ஆயினும், சாலை விதிகள் எண்ணிப் பாராத பயணி ஒருவர் உண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே வண்டியேறுபவர் அவர்.

சுவீடன் நாட்டுப் பொறியாளர் நீல்ஸ் போலின் மூன்று முனைப் பாதுகாப்பு வாரை 1959-இல் அளித்தார். 1970-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வார் அணிவதைக் கட்டாயமாக்கிற்று. மலேசியாவில் 1979-இல் முன்னிருக்கைக்கும், மிகத் தாமதமாக 2009-இல் பின்னிருக்கைக்கும் அவ்விதி வந்தது. இவை யாவும் வண்டியோடு பொருத்திய இருக்கையை மனத்திற்கொண்டு எழுந்தவை.

சக்கர நாற்காலியோ தளத்தோடு ஒட்டாதது. அதிலுள்ள இடுப்புப் பட்டை பெரும்பாலும் உடலை நிமிர்த்தி இருத்துவதற்கே; மோதலைத் தாங்குவதற்கன்று. அதனை நம்பி அமைதியுறுவது பேதைமை. வண்டி திடுமென நின்றால் நாற்காலி நில்லாது. அதன் பளுவும் அமர்ந்தவர்மேல் வந்து விழும். சக்கரத்தைப் பூட்டி வைப்பது மட்டும் போதாது. முன்னிரண்டும் பின்னிரண்டுமாக நான்கு வார்கள் நாற்காலியைத் தளத்தோடு பிணைத்தல் வேண்டும். முன்புற மோதலில் பெருஞ்சுமையைத் தாங்குபவை பின்வார்களே. அமர்ந்தவர்க்கோ இடுப்பையும் தோளையும் தழுவும் வார் தனியே வேண்டும். 2001-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 10542 என்னும் அனைத்துலகத் தரம் இத்தகைய அமைப்புகளுக்கு அளவுகோல் வகுத்தது.

மலேசியாவின் மாற்றுத்திறனாளர் சட்டம் 2008-இல் நடப்புக்கு வந்தது. பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமையை அதன் 27-ஆம் பிரிவு ஏற்றது. மீறுவோர்க்குத் தண்டம் விதிக்கும் பிரிவு மட்டும் அன்று அதில் இடம்பெறவில்லை.