காருக்குள் ஒரு வானொலி நிலையம்

மழை இல்லை, இடி இல்லை. நாம் வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. உடனே பாட்டுக்கு நடுவே 'பட பட' என்று ஓர் இரைச்சல். இஞ்சினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. வானொலிப் பெட்டியின் மேல் குற்றமில்லை. அலை வந்தது, அது கேட்டது, அவ்வளவுதான்.

இந்த அலையைத் தேடி நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டும். கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற பேராசிரியர் இரண்டு உலோக முனைகளுக்கிடையே மின்பொறி பாயச் செய்தார். சற்றுத் தள்ளி வைத்திருந்த கம்பி வளையத்தின் இடைவெளியிலும் ஒரு சிறு பொறி தோன்றியது! இரண்டுக்கும் நடுவே கம்பி எதுவும் இல்லை. 1888ஆம் ஆண்டுக்குள் வானொலி அலை உண்டென்று அவர் மெய்ப்பித்துவிட்டார். பிறகு மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி அனுப்பியதும் பொறியைக் கொண்டுதான். ஆனால் பொறி ஓர் அலைவரிசையோடு அடங்காது. பக்கத்து வரிசைகளிலும் புகுந்து கூச்சலிடும். ஆகவே 1927இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலக மாநாடு பொறி நிலையங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

கார்களை யார் கட்டுப்படுத்துவது? பெட்ரோல் இஞ்சினில் காயில் என்னும் சுருள், பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்கில் பொறி பாய்ச்சுகிறது. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் விநாடிக்கு 100 பொறி. பிளக்குக் கம்பியே ஏரியல் ஆகிவிடுகிறது. ஹெர்ட்ஸின் கருவிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. (டீசல் லாரியில் பிளக்குப் பொறி கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் எரிகிறது. எனவே அதற்கு இந்தப் பழி இல்லை.)

1930இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் மோட்டரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியது. காருக்குள் பாட்டு வேண்டுமானால் முதலில் அந்தக் காரின் பொறியை அடக்க வேண்டும். பிளக்குக் கம்பியில் மின்தடையும், டைனமோவில் கண்டென்சரும் சேர்த்தார்கள். தன் காதுக்காகச் செலவழிக்க ஆள் இருந்தது; பக்கத்து வீட்டுக்காரர் காதுக்காகச் செலவழிக்க ஆள் இல்லை. பிரிட்டனில் 1936இல் தொலைக்காட்சி வந்தபின், தெருவில் கார் போனாலே படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்தன. புதிய வண்டிகளில் பொறியின் இரைச்சலை அடக்கியே தீரவேண்டும் என்ற விதி 1952இல்தான் பிறந்தது.

1970களில் மின்னணுப் பற்றவைப்பு வந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1973இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் அதையே பொருத்தியது. பழைய காருக்கு மாட்டிக்கொள்ளும் பெட்டிகளும் கடைக்கு வந்தன. அவற்றால் பயன் உண்டு என்பதை மறுக்க மாட்டோம். தேய்ந்துபோகும் பாயிண்ட்டை அடிக்கடி மாற்றும் தொல்லை ஒழிந்தது. ஆனால் சிலர் அதோடு நிற்கவில்லை. பொறி முரட்டுத்தனமாக இருக்கட்டும் என்று கரிக்கம்பியைக் கழற்றிவிட்டுச் செம்புக்கம்பியைப் போட்டார்கள். இஞ்சினுக்குக் கிடைத்த பலம் ஒன்றுமில்லை. பொறி பாயும்வரை அந்தக் கம்பியில் மின்னோட்டம் மிகச் சொற்பம். ஆகவே தடையில் வோல்ட் வீணாவதில்லை. பாய்ந்தபின் எழும் துடிப்பைத்தான் தடை அடக்குகிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரைச்சலே.

தடை உள்ளேயே அமைந்த பிளக்குகளும் உண்டு. அவற்றில் பலவற்றின் எண்ணோடு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் புதுப் பிளக்கு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், அந்த எழுத்தும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.