ரேஷன் கார்டில் பெயர் இல்லாத அப்பாக்கள்

பிச்சாவரம் என்றதும் எல்லோருக்கும் சுரபுன்னைக் காடும் துடுப்புப் படகும் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பஸ் ஏறி கிள்ளை வழியாகப் போய், படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பக்கத்து ஊர்களில் மனைவியையும் பிள்ளைகளையும் பிரிந்து தனியாகக் கிடக்கும் ஆண்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேசினாலும் "குடிகாரன், பொறுப்பில்லாதவன்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். சிலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லோரையும் ஒரே கணக்கில் எழுதிவிட முடியுமா?

நான் படிப்பது பி.காம். வரலாறு என் பாடம் இல்லை. ஆனால் கணக்குப் பதிவியலில் முதல் வாரமே ஒரு பாடம் வரும்: தொழில் தனித்தன்மைக் கருத்து. முதலாளி வேறு, அவர் கடை வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. நம் அரசாங்கத்தின் நலத்திட்டங்களிலும் இதேபோல் ஒரு கருத்து இருக்கிறது. அங்கே கணக்கு 'குடும்பம்' என்பதன் பேரில்தான் எழுதப்படுகிறது, மனிதன் பேரில் இல்லை. குடும்பம் இரண்டாக உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஜீவனாம்சத்தின் கதை.

ஏழை மனைவிக்கும் பிள்ளைக்கும் மாஜிஸ்திரேட் மூலமாக மாதப் பணம் வாங்கித் தரும் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அது வந்த இடத்தைக் கவனியுங்கள். சிவில் சட்டத்தில் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது! 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை வடித்த ஜேம்ஸ் ஸ்டீபன், இந்தப் பிரிவின் நோக்கம் ஆதரவற்றவர்கள் தெருவில் அலைவதைத் தடுப்பது என்றே விளக்கினார். அதாவது, கைவிடப்பட்ட பெண்ணும் குழந்தையும் பிச்சை எடுக்க வந்தால் சர்க்காருக்குத் தொல்லை, அதனால் புருஷனிடமே வசூல் செய். அன்பு, பாசம், தகப்பன் உரிமை எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை. தகப்பன் என்றால் பணம் கட்டுகிறவன், அவ்வளவுதான்.

1898 சட்டத்தில் இது 488-ஆம் பிரிவு. மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து மாதம் 50 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது. 1923-ல் அது 100 ரூபாய் ஆனது, 1955-ல் 500 ரூபாய். 1973-ல் புதிய சட்டம் வந்து, 1974 ஏப்ரல் 1 முதல் 125-ஆம் பிரிவாக மாறியபோதும் அதே 500 ரூபாய்தான். 2001-ல்தான் உச்சவரம்பை எடுத்தார்கள். 46 வருடம் ஒரே தொகை! விலைவாசி ஏறியதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வசதியான கணவன்மார்களுக்கு இது கொண்டாட்டம். ஷா பானு வழக்கில் வக்கீல் கணவரிடமிருந்து கீழ்க் கோர்ட் 1979-ல் வாங்கித் தந்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. எனவே "சட்டம் முழுக்க பெண்கள் பக்கம்" என்று சொல்பவர்கள் இந்த எண்களையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு இதே விதி 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது.

சரி, கணவன் உண்மையிலேயே ஏழையாக இருந்தால்?

'போதிய வசதி உள்ளவர்' பராமரிக்க மறுத்தால் உத்தரவிடலாம் என்பது சட்டத்தின் வாசகம். அந்த 'வசதி' என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் கொடுத்த அர்த்தம் சொத்து, சம்பளத்தோடு நிற்கவில்லை. உடம்பில் தெம்பு இருக்கிறதா, அதுவே வசதிதான். 2015-ல் ஷமீமா ஃபரூக்கி வழக்கில் "வேலை இல்லை, வியாபாரம் சரியில்லை" என்பதெல்லாம் வெற்றுச் சாக்கு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ல் அஞ்சு கார்க் வழக்கில் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்றது. நியாயம்தான். பிள்ளைக்குப் பசிக்கும்போது அப்பனுக்கு வேலை இல்லை என்றால் பசி அடங்குமா?

ஆனால் கட்டாவிட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தால் கடன் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1989-ல் குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சிறை என்பது வசூல் செய்யும் வழி, வசூலே அல்ல. பாக்கி அப்படியே நிற்கும். சம்பளக்காரனை இது அசைக்கும், கட்டிவிடுவான். தினக்கூலிக்காரன் உள்ளே இருக்கும் முப்பது நாளும் கூலி கிடையாது, பாக்கி மட்டும் வளரும். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அந்த மாதமும் ஒன்றும் வராது. பேரேட்டில் பற்று மட்டும் ஏறிக்கொண்டே போகும், வரவுப் பக்கம் காலி.

வருமானம் குறைந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போட பழைய சட்டத்தின் 127-ஆம் பிரிவு இடம் கொடுத்தது, புதிய சட்டத்திலும் அந்த வழி உண்டு. ஆனால் அவரேதான் போய் மனு போட வேண்டும், தானாகக் குறையாது. கடலுக்கோ கூலிக்கோ போகிறவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி நஷ்டம்.

இனி நலத்திட்டங்கள் பக்கம் வருவோம்.

2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது நாட்டிலேயே முதல் 200 மாவட்டங்களில் நம் கடலூர் மாவட்டமும் ஒன்று. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நூறு நாள் என்பது ஆளுக்கு நூறு நாள் அல்ல, குடும்பத்துக்கு நூறு நாள். குடும்பம் என்றால் யார்? ரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தாலோ இணைந்து, சேர்ந்து வசித்துச் சேர்ந்து சாப்பிடுபவர்கள், அல்லது ஒரே ரேஷன் கார்டில் இருப்பவர்கள். அந்த 'அல்லது'தான் இங்கே முக்கியம். ஒருவர் பிரிந்து போய் வேறு தெருவில் குடிசை போட்டிருக்கலாம். கார்டில் பெயர் இருக்கும்வரை காகிதத்தில் அவர் இன்னும் அந்தக் குடும்பம்தான்.

ஒரு சின்ன உதாரணக் கணக்கு. அப்போது தமிழ்நாட்டில் இந்த வேலைக்குக் கூலி 80 ரூபாய். நூறு நாளும் ஒருவரே போனால் வருடத்துக்கு 8,000 ரூபாய். இந்த ஒரு வருமானத்தை மட்டும் நம்பியிருக்கும் தகப்பனுக்கு மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் என்று உத்தரவு வந்தால் வருடத்துக்கு 6,000. மிச்சம் 2,000. ஒரு நாளைக்கு ஐந்தரை ரூபாய் கூட இல்லை. மனைவியும் அதே கார்டில் பாதி நாள் வேலைக்குப் போனால் இவருக்கு வருவது 4,000, கட்ட வேண்டியது 6,000. அவர் மேல் தப்பா, அந்த அம்மா மேல் தப்பா? இரண்டு பேருமே நியாயமாகத்தான் நடக்கிறார்கள். இரண்டு அடுப்புக்கு ஒரே கணக்கு வைத்ததுதான் கோளாறு.

தனிக் கார்டு வாங்கினால் போச்சு என்பீர்கள். தமிழ்நாட்டில் ஒற்றை நபர் கார்டும் உண்டு. ஆனால் பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கிய பிறகுதான் புதுக் கார்டு. முகவரிச் சான்றும் வேண்டும். பிரிந்து போனவர் அண்ணன் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தால் எந்த முகவரியைக் காட்டுவார்? 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவி ஆக்கியது. பெண்களுக்கு அது பெரிய பலம், நான் முழுமனதோடு வரவேற்கிறேன். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாயும் குடும்பத் தலைவிக்குத்தான். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பணம் போவது சரிதான். வெளியே போனவரின் கணக்கை யாரும் திறக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கமும் இதே கதைதான். 2001 முதல் ஏப்ரல் 15-ல் தொடங்கி 45 நாள் இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017-ல் 61 நாள் ஆனது. அந்தக் காலத்துக்கான நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு என்றுதான். 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023-ல் அறிவித்தார்கள். அந்த 61 நாளும் விசைப்படகில் கூலிக்குப் போகும் தகப்பனுக்கு வேலை இல்லை, ஆனால் ஜீவனாம்சத்துக்குத் தடைக்காலம் கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டாகத் தர அரசு முடிவு செய்தது நல்ல முடிவு. ஆனால் பிரிந்தால் ஒரு வீட்டை இரண்டாக வெட்ட முடியாதே!

ஓய்வூதியத்தைப் பாருங்கள். 1962 ஏப்ரல் 1-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது தமிழ்நாட்டின் முதியோர் ஓய்வூதியம். 1975-ல் ஆதரவற்ற விதவைகளுக்கு, 1986-ல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு என்று விரிந்தது. 2011-ல் 1,000 ரூபாய், 2023-ல் 1,200 ரூபாய். இந்தப் பட்டியலில் 'பிரிந்து வாழும் ஏழைத் தகப்பன்' என்று ஒரு வகை கிடையாது. உடல் ஊனம் இல்லாதவர் என்றால் 60 வயது வரை அவர் சர்க்கார் கண்ணுக்கு 'தெம்புள்ள ஆண்', அவ்வளவுதான்.

இது நம் ஊருக்கு மட்டுமான சிக்கல் இல்லை. வேலை இல்லாதவருக்கு உதவித்தொகை தரும் பிரிட்டனிலும் உண்டு. 1993 ஏப்ரலில் அங்கே சைல்டு சப்போர்ட் ஏஜென்சி தொடங்கியது. உதவித்தொகையில் வாழும் தகப்பனிடமும் அந்தத் தொகையிலிருந்தே பிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அம்மாவும் அரசு உதவியில் இருந்தால் அப்பா கட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்மாவின் உதவியில் ஒரு பவுண்டைக் குறைத்துவிட்டார்கள். அப்பா மேலும் ஏழையானார், பிள்ளைக்கு ஒரு பைசா கூடவில்லை, கஜானாவுக்கு லாபம். 2003-ல் புதிய வழக்குகளுக்கு வாரம் 10 பவுண்டு வரை விட்டுக்கொடுத்து, 2010-ல்தான் முழுவதும் நிறுத்தினார்கள்.

2012-ல் லண்டன் உச்ச நீதிமன்றத்தில் ஹம்ப்ரீஸ் வழக்கு. பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் அப்பாவிடம் இருந்தார்கள், அப்பா அரசு உதவியில் வாழ்ந்தார். பிள்ளைகளுக்கான வரிச் சலுகைப் பணம் முழுவதும் அம்மாவுக்கே போனது. இந்த விதி ஆண்களைத்தான் அதிகம் பாதிக்கிறது என்பது அங்கே மறுக்கப்படவில்லை. ஆனாலும் பிள்ளை அதிக நாள் இருக்கும் வீட்டுக்கு மொத்தமாகத் தருவது நியாயமான ஏற்பாடுதான் என்று தீர்ப்பானது. பணக்கார நாட்டிலும் கணக்கு ஒரே வீட்டுப் பேரில்தான்!

இன்னொரு பக்கம். 1973 சட்டம் ஒரு புது வாசலையும் திறந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத தகப்பனும் தாயும் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மகளிடமும் கேட்கலாம் என்று 1987-ல் விஜயா மனோகர் அர்பாத் வழக்கில் தீர்ப்பு வந்தது. 2007-ல் மூத்த குடிமக்கள் சட்டம் வந்தபின் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்திலேயே மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். ஆனால் இருபது வருடம் பணமும் தராமல் முகமும் காட்டாமல் போன தகப்பன் அங்கே வந்து நின்றால், "சின்ன வயசுல நீங்க எங்கப்பா இருந்தீங்க?" என்று பிள்ளை கேட்காதா? ஏழ்மையால் தர முடியாமல் போனவருக்கும் மனசில்லாமல் தராதவருக்கும் அன்றைக்கு வித்தியாசம் காட்ட என்ன ஆவணம் இருக்கும்?

2020-ல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. ஒரு பி.காம். மாணவனாக எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. இரண்டு பேரின் கணக்கையும் ஒரே மேசையில் வைக்கச் சொன்னார்கள். பொய் சொல்லும் வசதிக்காரன் மாட்டுவான், உண்மையான ஏழைக்கும் அவன் நிலைமையைச் சொல்ல ஒரு தாள் கிடைக்கும்.

என் கருத்து இதுதான். ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பிள்ளைதான் முதல் கடன்காரர், அந்தக் கடன் முதலில் தீர வேண்டும். ஆனால் பிரிந்தவருக்கு ஒரு தனிக் கார்டு, அவர் பேரில் தனி வேலை நாள் என்று கொடுத்தால் அவரால் கட்டவும் முடியும், பிள்ளையை வந்து பார்க்க முகமும் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் பெயரே இல்லாத ஆளிடம் எப்படி வசூல் செய்வது? இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள், முக்கியமாக வகுப்புத் தோழிகள், தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள் :)