மரைக்காலும் மணியின் நெருக்கமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில், பெரும்போக வேளாண்மை அறுவடையாகிச் சூடு மிதித்து முடிந்ததும் களவெட்டியில் நெல் பொலியாய்க் குவியும். முற்காலத்தில் அப்பொலியை எவரும் நிறுத்ததில்லை, அளந்தனர். கொத்து, மரைக்கால், அவணம் என்பனவே கணக்கு. போடியாரின் பங்கு, வயற்காரரின் பங்கு, வித்துநெல்லுக்குப் பட்ட கடன் யாவும் அவ்வளவைகளாலேயே தீர்ந்தன. அரசிறையுங்கூட விளைவில் ஒரு பங்காகக் கொள்ளப்பட்ட காலம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் அத்தானிய வரி 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலேதான் ஒழிந்தது.

ஆதலின், ஒரு மரைக்கால் எவ்வளவு நெல்லைக் கொள்ளும் என்பது குடியானவனுக்கு உணவைப் பற்றிய வினாவாயிருந்தது. நெல்லை மெல்லச் சொரிந்து தலைவழித்துப் பாருங்கள். பின்னர் அதே மரைக்காலை நிலத்தில் மும்முறை தட்டுங்கள். நெல் தாழும், இன்னும் ஒரு பிடி அதனுள் அடங்கும். கடன் கொடுக்கையில் மெல்லச் சொரிந்தும், திரும்ப வாங்குகையில் குலுக்கியும் அளப்பவன் கையில் மரைக்கால் ஒன்றே, நெல்லோ இரண்டு. அந்த ஒரு பிடி நெல்லால் எத்தனை மனத்தாங்கல்கள் விளைந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம்.

இப்பிடி நெல் எங்கிருந்து வருகின்றது? சொரியப்பட்ட மணிகள் விழுந்தபடியே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இடையிடையே வெற்றிடங்களை விட்டு நிற்கின்றன. தட்டும்போது அவ்விடங்கள் குலைந்து சுருங்குகின்றன. ஆனால், எவ்வளவு தட்டினும் ஓர் எல்லைக்கு அப்பால் அவை நெருங்குவதில்லை. அவ்வெல்லையை அறியும் முயற்சி நெடிய வரலாறுடையது. பழக்கடையில் தோடம்பழங்களை அடுக்குவதுபோல் சம அளவான உருண்டைகளை ஒழுங்காக அடுக்கினால், இடத்தில் நூற்றுக்கு 74 பங்களவு நிரம்பும். இதனிலும் நெருங்கிய அடுக்கு இல்லை என்று 1611இல் கெப்ளர் கூறினார். தோமஸ் ஹேல்ஸ் அதற்கு நிறுவல் கண்டது 1998இலேயே. கடைக்காரரின் கை அறிந்ததைக் கணிதர் நிறுவ ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சென்றன!

ஒழுங்கின்றிச் சொரிந்த உருண்டைகளின் கதை வேறு. 1960ஆம் ஆண்டளவில் இலண்டனில் பேர்ணலும் ரொறன்ரோவில் ஸ்கொற்றும் குண்டுகளைப் பாத்திரத்தில் இட்டுக் குலுக்கி அளந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 64 பங்கில் அவை நின்றுவிட்டன. மேலும் இடம் இருந்தும், ஒவ்வொன்றும் அயலதன் வழியை மறித்தலால் யாவும் இறுகிப் பூட்டுண்டன. இத்தகைய ஒழுங்கின்மையை ஆராய்ந்த இத்தாலியப் பௌதிகவியலாளர் ஜோர்ஜோ பாரீசி 2021இல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றார்.

அளவிற் பெரியனவும் சிறியனவும் கலந்தால் நிலைமை இன்னும் சுவையானது. சேனையில் விளைந்த சோளம் ஒரு கொத்தும் குரக்கன் ஒரு கொத்தும் எடுத்துக் கலந்து குலுக்குங்கள். இரண்டு கொத்து வராது. குரக்கன், சோளத்தின் இடைவெளிகளில் ஒளிந்துகொள்ளும். பெரிய உருண்டைகள் 64 பங்கை நிரப்ப, எஞ்சிய 36 பங்கினுள் மிகச் சிறியன அதே விகிதத்தில் புகுமாயின், மேலும் 23 பங்கு நிரம்பி 87 ஆகும். கொங்கிறீற்றில் கல்லோடு மணலும் சீமெந்தும் சேர்ப்பதில் இக்கணக்கே அடங்கியுள்ளது. அளவுகள் சிறிதே வேறுபடின் ஆதாயம் குறைவு. அன்றியும், பல அளவின கலந்த கூட்டம் எளிதில் ஒழுங்குபட்டு அடுங்குவதுமில்லை.

பூட்டுண்ட மணிகளின் இயல்பைக் கல்லடிக் கடற்கரையிலும் காணலாம். ஈரமணலில் காலூன்றினால் பாதத்தைச் சூழ்ந்த மணல் சட்டென உலர்ந்ததுபோல் வெளிறும். இறுகிய மணல் அசைய வேண்டுமாயின் முதலில் விரிய வேண்டும். விரிந்த இடைவெளிக்குள் நீர் இறங்கிவிடுகின்றது. 1885இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் இதனை விளக்கினார். நம் கரைவலைக்காரர் தினமும் மிதித்ததுதான்.

மரைக்கால் வழக்கிற்கு வருவோம். புசல் என்பதும் ஆதியில் கொள்ளளவே, எட்டுக் கலன். பின்னர் இலங்கையில் ஒரு புசல் நெல் 46 இறாத்தல் என நிறையால் வரையறுக்கப்பட்டது. இன்று நெல் கிலோகிராமிலேயே கைமாறுகின்றது. தராசில் குலுக்கியும் பயனில்லை, குவித்தும் பயனில்லை. எனினும் நெல்லின் ஈரம் தராசில் நிறையாகவே நிற்கும். ஆதலின் இப்போது கொள்முதலில் ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேற்பட்டதா என்றே வாதம் நடக்கின்றது.