ராஜம் கிருஷ்ணன்: முன்னுரைகளில் ஒரு தன்வரலாறு

உ.வே.சா., திரு.வி.க., நாமக்கல் கவிஞர் ஆகியோர் தத்தம் வாழ்வைத் தனிநூலாகவே எழுதி வைத்துச் சென்றனர். வீட்டுக்குள்ளிருந்து எழுதவந்த பெண்களுக்கு 'நான்' என்று தொடங்குவது அத்தனை எளிதாக இருந்ததில்லை. ராஜம் கிருஷ்ணன் தம்மை வாசகருக்கு அறிமுகப்படுத்திக்கொண்ட இடமாக நாங்கள் கருதுவது அவருடைய நாவல்களின் முன்னுரைகளை. எந்த ஊருக்குச் சென்றார், யாரைக் கண்டு பேசினார், எது அவரை எழுதத் தூண்டியது என்பவற்றை அங்கே சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் நுழைவார். அம்முன்னுரைகளை வரிசையாக வாசித்தால், தம்மைப் பற்றிக் குறைவாகப் பேசிய ஒருவரின் தன்வரலாறு கிடைத்துவிடுகிறது.

அவர் பிறந்தது 1925இல், முசிறியில். திருப்பூரின் முதல் பின்னல் பட்டறையும் அதே ஆண்டில் தொடங்கியதாகத் தொழில் வரலாறு கூறும். இது தற்செயல் ஒற்றுமைதான். கொங்கு நாட்டோடு அவருக்குள்ள மற்றொரு தொடர்பு அப்படிப்பட்டதன்று. பதினைந்து வயதில் மணமான அவருடைய கணவர் மின்துறைப் பொறியாளர். அவருடைய பணியை ஒட்டியே நீலகிரியில் வாழும் வாய்ப்பு ராஜம் கிருஷ்ணனுக்குக் கிட்டியது. 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகே கோவை வட்டாரத்தில் ஆலைகள் விரைந்து பெருகின என்பதையும், பின்னர் குந்தாத் திட்டம் அந்த விசையைக் கூட்டியதையும் இங்கே நினைவுகூரலாம். கீழேயிருந்த நமக்கு அது தறியையும் பின்னல் எந்திரத்தையும் ஓட்டிய விசை. மேலேயிருந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது? அணையும் சாலையும் பணப்பயிரும் படகர் வாழ்வில் புகுந்து தலைமுறைகளை எப்படி மாற்றின என்பதை அவர் 'குறிஞ்சித்தேன்' (1963) நாவலில் எழுதினார். பொறியாளரின் மனைவியாக மலைக்குச் சென்றவர், மலைமக்களின் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார் என்பதே எங்களுக்கு வியப்பு.

கல்லூரியில் பயின்றவரல்லர். 1950இல் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நடத்திய அனைத்துலகச் சிறுகதைப் போட்டியில் பரிசு, 1953இல் 'பெண்குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசு, 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது என்று ஏற்பு வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு கிடைத்த பின் குடும்பக் கதைகளை எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. சம்பல் பள்ளத்தாக்குக்குச் சென்று வந்து 'முள்ளும் மலர்ந்தது' எழுதினார். மீனவரிடையே சென்று 'அலைவாய்க் கரையில்', தூத்துக்குடி உப்பளத்துக்குச் சென்று 'கரிப்பு மணிகள்' (1979), தீப்பெட்டித் தொழிலில் உழன்ற சிறாரைக் கண்டு 'கூட்டுக் குஞ்சுகள்', தஞ்சை வயல்களில் உழைப்போரைக் கண்டு 'சேற்றில் மனிதர்கள்' என ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அவருடைய கடும்பயணங்கள் பலவும் நிகழ்ந்தன.

கலைநோக்கில் இந்நாவல்களின்மேல் குறை சொல்வோர் உண்டு. அக்குறைகளில் நியாயமும் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் ஆசிரியரின் கருத்தைச் சுமந்து நீளப் பேசுகின்றன; செய்தித்திரட்டு கதையை மறைத்துவிடுவதும் நேர்கிறது. ஆயினும் உப்பளத்து வெயிலின் கூச்சமும், உப்புநீர் அரித்த கால்களும், கூலிக்கு நிற்கும் பொன்னாச்சியின் அச்சமும் வாசித்து முடித்த பின்னும் அகலுவதில்லை. நுட்பம் மிகுந்த பல நாவல்களிலிருந்து எமக்கு நினைவில் நிற்பது இதைவிடக் குறைவே.

பனியன் ஊரிலிருந்து இதை எழுதுவதால் ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறோம். நொய்யலில் கலந்த சாயநீருக்குச் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' (1998) வாய்த்தது. பிசிறு வெட்டியும் கைமடித்தும் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்கள், மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை என்னும் வாக்குறுதியில் நூற்பாலை விடுதிகளுக்கு வந்த 'சுமங்கலித் திட்ட'ச் சிறுமிகள் ஆகியோரிடம் ராஜம் கிருஷ்ணன் ஒரு குறிப்பேட்டுடன் வந்து அமர்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். கூலி எவ்வளவு என்பதோடு, அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது என்றும் கேட்டிருப்பார். உப்பளத்துப் பெண்களின் கதையில் அந்தக் கேள்விதான் ஓடுகிறது.

முதுமையின் கதை துயரமானது. பிள்ளைகள் இல்லை, கணவரும் மறைந்தார், கையிலிருந்ததை இழந்து, சென்னையில் முதியோர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். பிறரது வறுமையைத் தேடிச் சென்று எழுதியவரின் அந்த நாட்களுக்கு முன்னுரை எழுத யாரும் இல்லை. 2009இல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கி மூன்று இலட்சம் ரூபாய் வழங்கியது. பெரும்பாலும் மறைந்தோரின் நூல்களே நாட்டுடைமையாகும் நிலையில், அவர் வாழும்போதே அது நடந்தது. 2014 அக்டோபர் 20 அன்று காலமானார்.

நாட்டுடைமையான நூல்களை யாரும் அச்சிடலாம். அவ்வாறு அச்சிடும் பதிப்பகத்தார், பக்கத்தைக் குறைப்பதற்காக அம்முன்னுரைகளை மட்டும் நீக்கிவிடாதிருக்க வேண்டுகிறோம்.