யார் கையில், எந்தச் சான்றின் பேரில்: பிரிட்டனின் நோய்க்கால, குடும்ப உதவித்தொகைகளில் தகுதி விதியின் வரலாறு

அரசு உதவித்தொகைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொகையைப் பின்தொடர்கிறார்கள்: எந்த ஆண்டில் எத்தனை ஷில்லிங், எந்த அரசு எவ்வளவு கூட்டியது என்று. பிரிட்டனின் நோய்க்கால உதவித்தொகையையும் குடும்பப் படியையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறொரு சரடு கண்ணில் படுகிறது. பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை, அதைக் கோருபவர் எதை, யாரிடம் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியே தீர்மானித்திருக்கிறது. அந்த விதிகளை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த கோரிக்கையாளர், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் ஆண். மணமான பெண் அந்தச் சட்டகத்துக்குள் அடங்காதபோதெல்லாம் அவளிடம் கூடுதலாகச் சான்று கேட்டார்கள். ஏறக்குறைய சான்றே கேட்காத ஒரு திட்டம் வந்தபோதுதான் அவள் தடையின்றிப் பணம் பெற்றாள். 1911 முதல் 1986 வரையிலான சட்டங்கள் இந்த முடிவுக்கு இட்டுச் செல்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி ஆண் தொழிலாளி வாரம் 4 பென்ஸ், பெண் தொழிலாளி 3 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ் எனச் சந்தா கட்டினர். அரசும் தன் பங்கைச் சேர்த்தது. அட்டையில் வாராவாரம் முத்திரை ஒட்டப்பட்டது. 1913 ஜனவரியிலிருந்து, நோயில் விழுந்த நான்காம் நாள் முதல் 26 வாரம் வரை ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைத்தது. சம்பள வேலையில் இல்லாத மனைவிக்கு நோய்க்காலத்தில் ஒன்றும் இல்லை. கணவன் கட்டிய சந்தாவின் பேரில் வந்த 30 ஷில்லிங் மகப்பேற்றுத் தொகைகூட முதலில் கணவனுக்கே உரியதாக இருந்தது. உழைக்கும் வர்க்க மனைவியரின் அமைப்பான மகளிர் கூட்டுறவு கில்டு போராடியதன் பலனாக 1913ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதைத் தாயின் சொத்தாக்கியது. தொகையை வழங்கும் பொறுப்பு அரசு அலுவலகங்களிடம் இல்லை. நட்புறவுச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவை ‘அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள்’ என்ற பெயரில் அதை ஏற்றன. மருத்துவர் சான்று கொடுத்தாலும், சங்கம் அனுப்பும் ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பார். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. நோய்விடுப்பில் இருக்கும் ஆண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவன் நோயாளி. ஆலைத் தொழிலாளியான பெண் காய்ச்சலோடு அடுப்பை மூட்டினாலோ, பிள்ளையின் சட்டையை அலசிப்போட்டாலோ, ‘வேலை செய்யும் தெம்பு இருக்கிறது’ என்று எழுதிவிட முடியும். வீட்டு வேலை சம்பளத்துக்குரிய வேலையாகக் கருதப்படவில்லை. பணத்தை நிறுத்துவதற்கு மட்டும் அது வேலையாகிவிட்டது.

பெண்களின் கோரிக்கைகள் கணக்கியலாளர்கள் போட்டுவைத்த மதிப்பீட்டை மீறியதும், 1914இல் நோய்க்கால உதவிக் கோரிக்கைகளை ஆராய்ந்த ஒரு குழு அறிக்கை தந்தது. கருவுற்றிருப்பது ‘இயலாமை’யா, வீட்டு வேலை செய்பவள் நோயாளியா என்பன அதன் முன் வந்த கேள்விகள். குழுவில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் மேரி மெக்கார்தர் தனியாக மாற்றுக் கருத்து எழுதினார். பெண்கள் அதிகம் கோரியது குறைந்த கூலியும் தொடர் பிரசவமும் உடலைச் சிதைத்ததால்தான் என்ற விளக்கம் அப்போதே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சட்டம் போன திசை வேறு. 1932ஆம் ஆண்டுச் சட்டம் ஆணுக்கு 15 ஷில்லிங், மணமாகாத பெண்ணுக்கு 12 ஷில்லிங் என்பதை அப்படியே விட்டு, மணமான பெண்ணின் தொகையை மட்டும் 10 ஷில்லிங்காகக் குறைத்தது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சட்டப்பிரிவைக் காண்பது அரிது.

இதற்கு நேர் எதிரான தர்க்கத்தில் வளர்ந்தது குடும்பப் படி. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் மனைவியருக்கு அரசு நேரடியாகப் படி கொடுத்தபோது, லிவர்பூலில் அந்தப் பணியில் ஈடுபட்டிருந்தவர் எலினோர் ராத்போன். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப தாய் கையில் பணம் கொடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்த அனுபவம் 1924இல் அவர் வெளியிட்ட நூலில் கோட்பாடாயிற்று. கூலி குடும்பத்தின் அளவைப் பார்ப்பதில்லை. எனவே குழந்தைக்கான செலவைச் சமூகம் தனியாகத் தாயிடம் தர வேண்டும் என்றார். தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் எதிர்த்தன. படி கிடைத்தால் முதலாளி கூலியை அமுக்குவான் என்ற அவர்களின் அச்சத்தை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. சமூகக் காப்பீட்டுத் திட்டத்தை வகுத்த 1942இன் பெவரிட்ஜ் அறிக்கை அத்திட்டத்துக்குக் குழந்தைப் படியை முன்நிபந்தனையாக வைத்த பிறகு வழி திறந்தது. 1945ஆம் ஆண்டு மசோதா படியைத் தந்தையின் உரிமையாகவே எழுதியிருந்தது. நாடாளுமன்ற உறுப்பினரான ராத்போன் மசோதாவுக்கு எதிராகவே வாக்களிப்பேன் என்று நின்றார். கட்சிக் கட்டுப்பாடற்ற வாக்கெடுப்பில் உரிமை தாய்க்கு மாறியது. 1946 ஆகஸ்ட் 6ஆம் தேதி முதல், தலைப்பிள்ளை நீங்கலாக ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் வழங்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் தாய் தபால் நிலையத்துக்குப் படிப் புத்தகத்தோடு போய்த் தாளைக் கிழித்துக் கொடுத்துப் பணம் வாங்கினாள். வருமானக் கேள்வி இல்லை, சந்தாக் கணக்கு இல்லை, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆளும் இல்லை. ராத்போன் அதைப் பார்க்க இல்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். போர்க்காலப் பணவீக்கத்தில் கூலி உயர்வைக் கட்டுப்படுத்தவும், உதவிப் பணத்தைவிடக் கூலி குறைவாகிவிடாமல் பார்க்கவுமே அரசு குடும்பப் படியை ஏற்றது. தாய்மார் நலன் அதன் நோக்கமன்று என்பார்கள். நோக்கத்தைப் பற்றிய அளவில் இது பெரும்பாலும் சரி. ஆனால் கூலிக் கட்டுப்பாடு மட்டுமே குறியென்றால் பணம் தந்தை கையில் போனாலும் போதும். மசோதாவும் அப்படித்தான் வந்தது. படி ஏன் வந்தது என்பதைக் கருவூலத்தின் கணக்கு விளக்குகிறது. எந்த உருவில் வந்தது என்பதைப் பெண் இயக்கத்தின் வாதமே விளக்குகிறது. அந்த உருவம் எவ்வளவு முக்கியம் என்பது 1976இல் வெளிப்பட்டது. தந்தையின் சம்பளத்தில் கழிந்துவந்த குழந்தை வரிச் சலுகையை ஒழித்து, படியோடு சேர்த்துத் தாய்க்கே கொடுக்க 1975இல் சட்டம் இயற்றியாகிவிட்டது. ஆண்களின் கைச்சம்பளம் குறையுமே என்று அமைச்சரவை தயங்கித் தள்ளிப்போட்டது. குழந்தை வறுமை ஒழிப்பு அமைப்பின் பிராங்க் ஃபீல்டு அமைச்சரவைத் தாள்களின் செய்தியை வெளியிட்டதும் எழுந்த கண்டனத்தில் அரசு இறங்கிவந்தது. தலைப்பிள்ளையையும் உள்ளடக்கிய குழந்தை உதவித்தொகை 1977 ஏப்ரலில் தொடங்கி, 1979 ஏப்ரலில் பிள்ளை ஒன்றுக்கு வாரம் 4 பவுண்டு ஆனது.

அதே ஆண்டுகளில் நோய்ப் பக்கம் பழைய தர்க்கம் மாறவே இல்லை. சந்தா கட்டாத ஊனமுற்றோருக்கு 1975இல் வந்த ஓய்வூதியம், ஆணிடமும் தனித்து வாழும் பெண்ணிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: சம்பள வேலை செய்ய முடிகிறதா? 1977இல் மணமான பெண்ணுக்கு அது விரிந்தபோது, ‘வழக்கமான வீட்டு வேலைகளையும்’ செய்ய இயலாது என்று அவள் கூடுதலாக நிறுவ வேண்டியிருந்தது. 1914இல் சங்கத்து ஆள் அடுப்பங்கரையில் தேடியது இப்போது விண்ணப்பப் படிவத்தில் அச்சேறியது. 1984இல்தான் அந்தச் சோதனை ஒழிந்தது. நோயாளியைப் பராமரிக்க வேலையை விட்டவருக்கு 1976இல் வந்த உதவித்தொகையில் மணமான பெண்ணுக்கு இடமே இல்லை. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது அதன் உள்நியாயம். தாயைப் பராமரித்த ஜாக்குலின் டிரேக் தொடுத்த வழக்கில் 1986 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த விலக்கு சமத்துவ நெறிக்கு முரண் என்றது. தோல்வி உறுதியென உணர்ந்த அரசு தீர்ப்புக்கு முந்தின நாளே விதியை மாற்றுவதாக அறிவித்துவிட்டது.

குழந்தை இருப்பது கண்ணுக்குத் தெரியும், நோய் தெரியாது. ஆகவே நோய்க்குச் சான்று கேட்பது இயல்புதானே என்று கேட்கலாம். கேட்கட்டும், எல்லாரிடமும் ஒரே சான்றைக் கேட்கட்டும். ஆணிடம் ஒன்று, மணமான பெண்ணிடம் இரண்டு என்பதற்கு நோயின் இயல்பு காரணமாகாது. தகுதியை இறுக்கினால்தான் ஏழைக்குப் பணம் சேரும் என்ற வாதத்துக்கும் சான்று எதிராகவே இருக்கிறது. குறைந்த கூலிக் குடும்பங்களுக்கென 1971இல் வருமானச் சோதனையோடு வந்த குடும்ப வருமானத் துணைத்தொகையை, தகுதியுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப்பேரே வாங்கினர். கேள்விகளற்ற குழந்தை உதவித்தொகையோ கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களையும் எட்டியது. 2013 ஜனவரியில் அதற்கும் ஒரு வருமானக் கேள்வி வந்தது: 2024 ஏப்ரல் வரை இருந்த வரம்பின்படி, பெற்றோரில் ஒருவர் ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கு மேல் ஈட்டினால் தொகை வரியாகத் திரும்பப் பிடிக்கப்பட்டது. விண்ணப்பித்துவிட்டுப் பணம் மட்டும் வேண்டாம் என்று குறித்தால், வேலைக்குப் போகாத தாயின் ஓய்வூதியக் கணக்கில் குழந்தைக்கு 12 வயதாகும்வரை வரவு சேரும். ‘நமக்குத்தான் கிடைக்காதே’ என்று விண்ணப்பமே போடாத வீடுகளில், தாயின் ஓய்வூதியத்தில் அந்த ஆண்டுகள் வெற்றாக நின்றன.